பிறமொழியில் போய் உட்கார்ந்த தமிழ்

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று தோன்றும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு இது முதல் மாதம். பத்துக் கணினிகளுக்கும் லினக்ஸ் இயங்குதளம் போட வேண்டும். இன்ஸ்டாலர் எந்தெந்த மென்பொருள் பேக்கேஜைச் சேர்க்கணும், எதை நீக்கணும் என்ற பட்டியல் என் பொறுப்பு.

"வேண்டாததையெல்லாம் தூக்கிருளா" என்றார் மேலாளர் அண்ணாச்சி. தூக்கினேன்.

இன்று முதல் கணினியில் போட்டதும் எங்களுக்கு மீன் தரும் படகுக்காரர்கள் பெயரெல்லாம் திரையில் வெறும் கட்டங்களாக வந்தன. 'பிறமொழி எழுத்துருக்கள்' என்றிருந்ததை நீக்கியிருந்தேன். தமிழும் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

"ஏளா, ஊரையே காலி பண்ணிட்டியே!" என்று அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமிழைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். நாளைக் காலை மீதி ஒன்பதிலும் இதே பட்டியல்தான் ஓடும். இன்னும் எதையெல்லாம் தூக்கியிருக்கிறேனோ தெரியவில்லை.

பட்டியலைக் கீழே போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா? சிரித்துவிட்டுச் சொன்னாலும் பரவாயில்லை.