அண்ணி காய்ச்சிய இலைத் தண்ணி

என் அண்ணன் இறந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். விடாமல் பெய்த மழையில் மண்சாலை ஊறிப்போயிருந்தது. குலைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது சாலையோரம் சரிந்து, வண்டி தண்ணீர் ஓடும் பெரிய கானுக்குள் கவிழ்ந்துவிட்டது. ஆட்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் மூன்று பெண்கள் மிஞ்சினோம். அம்மா, அண்ணி, நான். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை செய்துதான் எங்களை வளர்த்தாள். நான் அப்போது கோலசிலாங்கூரில் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்குச் சொந்த ஊர் புக்கிட் பெலிம்பிங். வரும்போதே மைலோ டின்களில் செடிகளைக் கொண்டுவந்தார். துளசியும் கற்பூரவல்லியும் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் பிடித்துக்கொண்டன. எலுமிச்சை வாசம் வீசும் செரைப் புல் புதராக வளர்ந்தது. அண்ணனுக்குக் கறுப்புக் காப்பி குடித்துக் குடித்து வயிற்றெரிச்சல் இருந்தது. அண்ணி காப்பியை நிறுத்திவிட்டு இலைத் தண்ணி காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தார். செரைத் தண்டை அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டி, தண்ணீர் கொதிக்கும்போது போடுவார். இஞ்சி ஒரு துண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் துளசியையும் கற்பூரவல்லியையும் கிள்ளிப் போட்டு மூடுவார். இலையைக் கொதிக்க விட்டால் கசந்துவிடும் என்பார். அண்ணன் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கிளாஸ் குடிப்பார், மீதியைப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போவார். அம்மா அந்த நேரத்தில் கோழிகளைத் திறந்துவிடக் கொல்லைப்பக்கம் போயிருப்பாள்.

கருமாதி அன்று, லயத்து ஜனங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா வெடித்துவிட்டாள்.

"நீ கால் வச்ச நேரம்தான்டி என் பிள்ளையக் கொண்டுபோச்சு!"

அண்ணியின் அம்மா எழுந்து, "வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று மகளின் கையைப் பிடித்தார். அண்ணி அசையவில்லை. "அத்தை கொஞ்சம் தேறட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். அவமானத்தில் முகம் கறுத்துப்போன தன் அப்பாவைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையும் இலைத் தண்ணி காய்ச்சினார். எனக்கு ஒரு கிளாஸ், தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மா அந்தக் கிளாஸின் பக்கமே திரும்பவில்லை. "யாருக்கு இதெல்லாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. அம்மாவின் பங்கு ஆறிப்போய் ஆடை மாதிரி ஏதோ படிந்து கிடக்கும். அண்ணி அதைக் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கழுவிக் கவிழ்ப்பார். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணி வீணா ஊத்துறீங்க? அம்மா குடிக்க மாட்டாங்கல்ல" என்றேன். "நமக்கு மட்டும் ஊத்திக் குடிச்சா நல்லா இருக்காது" என்றார்.

அம்மா சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்தாள். வெறும் வயிற்றோடு மருந்து நிரப்பிய தோம்பை முதுகில் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், வேலைக்காட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். வேலை வாங்கும் மண்டோரும் கூட வேலை செய்கிற அக்கா ஒருவரும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருக்கிறது, முதலில் ஏதாவது குடிக்கக் கொடுங்கள், நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள் என்று சொல்லிவிட்டு மாத்திரை கொடுத்தார்.

அண்ணி அம்மாவின் கால்களைத் துடைத்து, சட்டையை மாற்றிவிட்டார். காலையில் காய்ச்சியதைச் சுட வைத்து எடுத்துவந்தார். அம்மா வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, உப்புக் கரிக்குது?"

"அவங்க அப்படித்தான் குடிப்பாங்க அத்தை. சீனி போட விட மாட்டாங்க. ஒரு சிட்டிகை உப்பு. வெயில்ல வேர்த்துப் போற ஆளுக்கு அதுதான் நல்லதுன்னு சொல்வாங்க. எனக்கும் அதே கை வந்துருச்சு."

அம்மா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அண்ணன் சீனி டப்பாவைத் திறந்து அள்ளித் தின்பார் என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பவள் அவள்.

"எனக்குத் தெரியாதே" என்றாள். "நான் பெத்த பிள்ளை. எனக்கு இது தெரியாதே."

பிறகுதான் அழுதாள். கருமாதியன்று அழுததெல்லாம் கத்தல். இது சத்தமில்லாமல் வந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "வேற என்னம்மா சொல்லுவான்? சொல்லு" என்று அம்மா கேட்க, அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். தஞ்சோங் காராங்கில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று அண்ணன் திட்டம் வைத்திருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து விடியற்காலையில் இருவரும் குசினியில் அடுப்பருகே சேர்ந்து உட்கார்ந்து குடித்தார்கள். அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், எனக்குச் சளி பிடித்தால் அவளே கற்பூரவல்லியைப் பறித்துவந்தாள். பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. என் காதுபடக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்திலிருந்து லோரி ஓட்டுகிற ஒருவர் அண்ணியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அண்ணி முடியாது என்றுவிட்டார். அம்மாதான் விடவில்லை.

"நான் இருபத்தாறு வயசுல தாலியக் கழட்டினவ. இத்தனை வருஷம் எப்படிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். உனக்கு அது வேணாம்."

"உங்கள விட்டுட்டு எப்படிப் போவேன் அத்தை?"

"நான் எங்க போயிடப் போறேன்? இங்கதான் இருப்பேன். தோணும்போது வா."

மருமகளுக்கு மாமியாரே மாப்பிள்ளை பார்க்கிறாளாம் என்று குழாயடியில் பேசினார்கள். அம்மா அந்த வழியாகவே தலை நிமிர்ந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது. தான் முன்னால் நிற்கக் கூடாது என்று அம்மா வெளியே செம்பருத்திச் செடிப் பக்கம் ஒதுங்கி நின்றாள். தாலி ஏறியதும் அண்ணி புருஷனைக் கூட்டிக்கொண்டு நேராக வெளியே வந்து, அம்மாவின் காலில் விழுந்தார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் வந்து போனார்கள். அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அம்மா போய் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, கல்யாணமும் ஆகி அங்கேயே இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்மா இறந்தாள். செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையிலிருந்து வந்து சேர முடியவில்லை. சடங்கு செய்கிறவர் முற்றத்தில் நின்று, "கொள்ளிச் சட்டி யாரு தூக்குறது? ஆம்பளப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாய் திறப்பதற்குள், அண்ணியின் புருஷன் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நீங்க என்ன முறை வேணும்?" என்றார் சடங்கு செய்கிறவர்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "மகன்தான்" என்றார். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். சடங்கு செய்கிறவர் சட்டியை அவர் கையில் கொடுத்தார்.