நானே கேட்டு வாங்கிய பத்தரை மணி

என் கடையை இரவு எத்தனை மணி வரை திறந்து வைக்கலாம் என்று நான் எழுதிக் கேட்கும் வரை, எங்கள் ஊரில் அதைப் பற்றி யாருமே யோசித்ததில்லை.

திருவாரூரிலிருந்து நாகூர் போகும் சாலையில் இருக்கிறது கடை. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, பார்சல் மட்டும். பரோட்டா, கொத்து, இடியாப்பம், சால்னா. வளைகுடாவில் ஓர் ஓட்டலில் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, நானும் என் மனைவியும் ஆரம்பித்தது. முன்னிரவு வியாபாரம் மாவுக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிந்தது பதினொரு மணிக்கு மேல் வருகிறவர்களால்தான்: கிடங்குக்கு நெல் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள், தர்காவிலிருந்து திரும்பும் வேன்கள், கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர்கள். அது நின்றால் நான் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனாலேயே அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

பதினொரு மணிக்கு ரோந்துப் போலீஸ்காரர் வருவார். லத்தியால் ஷட்டரில் ஒரு தட்டு. "பாய், டைம் ஆச்சு." நான் ஷட்டரைப் பாதி இறக்குவேன், அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குனிந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்கள். கடைத்தெருவில் எல்லோருக்கும் இதுதான் சட்டம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் இருந்த ஊரில் நகராட்சிக்குப் பலதியா என்று பெயர். பலதியாக்காரர்கள் வந்தால் காகிதத்தை நீட்டுவோம், பார்த்துவிட்டுப் போவார்கள். காகிதம் இல்லாதவனை அங்கே யாரும் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அந்தப் பயம் எனக்கு உடம்பில் ஊறிவிட்டது. சொந்த ஊருக்கு வந்த பிறகும் லத்திச் சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைப் பையில் காகிதத்தைத் தேடியது. இதை வெளியே சொல்வது கௌரவமாக இல்லை என்பதால், "எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் வேணும்" என்று பேசிக்கொண்டு திரிந்தேன். பசியோடு வந்த லாரிக்காரர்கள் பரோட்டா கையில் வரும் வரை இதையும் கேட்டுத் தொலைத்தார்கள்.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும்னு எழுதி வாங்கிட்டா யாரும் வந்து தட்ட முடியாது" என்றேன் மனைவியிடம்.

"இப்ப யாருங்க தொந்தரவு பண்றா? தட்டிட்டுப் போயிடறாருல்ல?"

"அது முறை இல்ல."

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. அப்புறம் குத்துது குடையுதுன்னு என்கிட்டதான் வருவீங்க."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். ரசீதைக் கடையில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் ஒட்டி வைத்தேன். மனு நகராட்சிக்குப் போயிற்று. அங்கிருந்து சுகாதாரம், தீயணைப்பு, போலீஸ் என்று கிளம்பிவிட்டது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எல்லோரும் மரியாதையானவர்கள். அதுவரை அப்படி ஒரு கடை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பிறகு, ஆட்சேபணை உண்டா என்று அக்கம்பக்கத்தில் எழுதிக் கேட்டார்கள். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தினமும் ராத்திரி எங்களிடம் இடியாப்பம் வாங்குகிறவர். அவர் ஒரு பக்கம் முழுக்க ஆட்சேபணை எழுதியிருந்தார். பொட்டலம் வாங்க வந்தபோது கேட்டேன்.

"என்ன சார், இப்படி எழுதிட்டீங்க?"

"ஆட்சேபணை உண்டான்னு எழுத்து மூலமாக் கேக்கறாங்க தம்பி. பொய் எழுத முடியுமா? கொத்து போடற சத்தத்துல தூக்கம் வரலதான்."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே சார்?"

"இத்தனை நாளா யாரும் கேக்கலையே. சால்னா கொஞ்சம் கூட ஊத்துங்க."

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். வெளிநாட்டில் விடிய விடியக் கடைகள் திறந்திருப்பதைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இப்ப எத்தனை மணிக்கு மூடறீங்க?" என்றார்.

ஓரமாக நின்ற நம் ரோந்துப் போலீஸ்காரர் முந்திக்கொண்டார். "பதினொண்ணுக்கு மூடிருவாரு சார்."

அங்கே நான் வாயை மூடியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. "இல்ல சார், இவரு தட்டிட்டுப் போனப்புறம் பாதி ஷட்டர்ல ஒரு மணி வரைக்கும் ஓடும்" என்று முறையாக விளக்கினேன். எவ்வளவு உயரத்தில் ஷட்டரை நிறுத்துவோம் என்று கையால் காட்டவும் செய்தேன். போலீஸ்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு வந்தது. பத்தரைக்கு மூட வேண்டும். இருந்த பதினொன்றும் போயிற்று, அதற்கு மேலிருந்ததும் போயிற்று. "நான் என்ன பாய் பண்றது? எழுத்துல வந்துருச்சே" என்றார் போலீஸ்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

பத்தரைக்கு மூடிவிட்டு வீட்டில் படுத்தால், சாலையில் லாரிகள் நிற்காமல் போகும் சத்தம் கேட்கும். ஒரு மாதம் தள்ளுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். கல்லாவில் ஆள் இருக்கிறது, டெலிவரிக்கு வேண்டுமானால் வரலாம் என்றார். சரி என்றேன். பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"நம்ம புள்ள நாலு வயசு வரைக்கும் வாப்பான்னா போனுக்குள்ள இருக்கற ஆளுன்னு நெனச்சிட்டிருந்துச்சு" என்றாள். "மறுபடியும் உள்ள போப் போறீங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் உத்தரவை எடுத்துவரச் சொல்லி, மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"மூடற நேரம்தானே போட்டிருக்கு? எப்ப தொறக்கணும்னு போடலையே."

"அப்படின்னா அதுக்கு ஒரு விளக்கம் கேட்டு மனு..."

அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பீரோவைச் சாத்தினேன்.

மறுநாள் ஊர் விழிப்பதற்குள் அடுப்பை மூட்டினாள். கிடங்கு வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்ற லாரிகளில் பசித்த வயிறுகள் நிறைய இருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்குப் போகிற வழியில் வாங்கினார்கள். முதல் பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். கொத்து போடுவதில்லை என்பதால் தலைமையாசிரியருக்கும் ஆட்சேபணை இல்லை. யாரும் அவரிடம் எழுதிக் கேட்கவும் இல்லை. ரோந்து முடிந்து வீட்டுக்குப் போகிற போலீஸ்காரர் இரண்டு பொட்டலம் வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் மனைவியிடம்தான் பேசினார்.

ஒருநாள் இடியாப்பம் தீரும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். "விசா ரெடி. டிக்கெட் போட்டுரட்டுமா?"

"வரலை முதலாளி. இங்கயே கடை ஓடுது. விடியறதுக்கு முன்னாடியே தொறந்துடறோம்."

பல வருஷம் என்னை வைத்து வேலை வாங்கியவர். என்னை நன்றாகத் தெரியும். "அதுக்கு எழுதி பர்மிஷன் வாங்கிட்டியா?" என்றார்.

மாவு பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கேக்கலைங்க" என்றேன்.