பாசியின் மேல் மணல்

எனக்கு ஒன்பது வயது. யுத்தக் காலம். அந்த ஐப்பசியில் ஆவூரில் விடாத அடைமழை. மாதா கோயிலுக்குப் போகும் எங்கள் சந்தின் கற்களில் பாசி வழுவழுவென்று படிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜனங்கள் நடப்பதற்குள் அவரவர் வாசலை அவரவர் சுரண்டி, மேலே மணல் தூவிவிட வேண்டும். அது எங்கள் தெருவின் வழக்கம்.

அந்த வாரம் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டதால் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு கல் சுரண்டுவதற்குள் உள்ளங்கை எரிந்தது. மிச்சத்தின் மேல் மணலை மட்டும் தாராளமாக இறைத்துவிட்டு, எல்லாம் சுரண்டியாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன்.

பூசைக்கு முதல் மணி அடித்ததும் பக்கத்து வீட்டுச் சித்தி இறங்கி வந்தாள். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். சித்திக்கு நிறைமாதம். குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து அவளும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அவள் எங்கள் வாசலை நெருங்கினாள். ஓரமாகப் போகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பொய் வெளியாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்றாவது கல்லில் கால் வழுக்கிச் சித்தி பக்கவாட்டில் விழுந்தாள்.

அம்மா போர்வையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டுக்காரியும் அவளுமாகச் சித்தியைத் தாங்கி எங்கள் வீட்டுக்குள்ளேயே படுக்க வைத்தார்கள். மருத்துவச்சி வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளை அசையவில்லை என்று உள்ளே யாரோ சொல்வது கேட்டது. நான் மாட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்து மாதாவை நோக்கி மங்கள வார்த்தை செபம் சொன்னேன். பாதியில் மறந்துபோகும்; மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பூசை முடிந்து ஜனங்கள் திரும்பியும் கதவு திறக்கவில்லை.

உச்சிப்பொழுதில்தான் மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை உதைக்கிறது, பயமில்லை என்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எப்படி விழுந்தாய் என்று எதிர்வீட்டுக்காரி சித்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தியின் பார்வை ஒரு கணம் என் மேல் நின்றது.

"சேல தடுக்கிருச்சு. வாசல் சுத்தமாத்தான் இருந்துச்சு."

அவள் சேலையின் இடுப்புப் பக்கம் முழுக்கப் பாசி பச்சையாக அப்பியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்து அழுந்தத் துடைத்தாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"குடி. பேறுகாலம் வரைக்கும் இங்கிட்டே இரு."

"சரிக்கா," என்றாள் சித்தி.

அன்று சாயங்காலம் அம்மா காய்ச்சல் உடம்போடு எங்கள் வாசலையும் சித்தி வாசலையும் சேர்த்துச் சுரண்டினாள். என்னைக் கூப்பிடவுமில்லை, திட்டவுமில்லை. இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாமல் போயிற்று, மாதா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எண்ணி, நான் வயிறாரச் சாப்பிட்டேன்.