மாடிக்குப் போன மண்

குட்டி யானை என்று ஊரே செல்லப்பெயர் வைத்திருக்கும் சின்ன லோடு வண்டிகளில் எத்தனையோ பேர் எனக்கு மண் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பாதிப் பேரோடு சண்டைதான் மிச்சம். ஒருவர் எரு மூட்டையைப் பக்கத்து வீட்டுக் கார் மேல் சாய்த்து வைத்தார். இன்னொருவர் மாடிக்கெல்லாம் ஏற முடியாது என்று செம்மண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுப் போனார். எனக்கு வாய் நீளம், அதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக்காரர்கூட என் வாசலில் ஹாரனை மெதுவாகத்தான் அடிப்பார்.

அப்படிப்பட்ட எனக்கு வண்டிக்கார பாய் ஒருவர் கிடைத்தது அதிர்ஷ்டம். ராயப்பேட்டைக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, வண்டியில் மெட்ராஸ் தமிழ். என்னைப்போல ஐம்பதைத் தாண்டியவர். என் மொட்டை மாடித் தோட்டத்துக்கு வேண்டிய செம்மண், எரு, தென்னை நார்த்தூள், தொட்டி எல்லாமே நான்கு வருடமாக அவர் வண்டியில்தான் வந்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் மண் எடுப்போம். நானும் கூடவே போவேன், இல்லாவிட்டால் கல்லும் கட்டியுமாகத் தலையில் கட்டிவிடுவார்கள். பாய் மூட்டை ஏற்றுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. கனமானவற்றைப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் படுக்க வைப்பார். எருவை மேலே வைத்துத் தார்ப்பாய் போடுவார். பிறகு குனிந்து, பின்சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். கை தாராளமாகப் போனால் கிளம்பலாம். இடித்தால் இரண்டு மூட்டையை இறக்கிவிடுவார். நர்சரிக்காரர் எடை எழுதித் தந்த சீட்டை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

ஒருமுறை முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. எப்போதும் ஏற்றுகிற அதே எண்ணிக்கைதான். ஆனாலும் ஐந்து மூட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டார்.

"இன்னா பாய், போன தடவை இதே அளவு வந்துச்சே?" என்று எகிறினேன்.

"அது காஞ்ச மண்ணுக்கா. இது தண்ணி குடிச்சிட்டு கீது. மூட்ட ஒண்ணுதான், வெயிட்டு வேற. நாளைக்கு இன்னொரு நட வந்து எட்த்தாறேன்."

சொன்னபடி மறுநாள் தானே போய் எடுத்துவந்தார். அடையாறு பாலத்தில் ஏறும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார், வண்டி என்ன சொல்கிறது என்று கேட்பாராம். வேகத்தடை வந்தால் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவார். எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிப் படியையும் அவரும் அவருடைய மச்சானும் தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். ஒரு படியில்கூட மண் சிந்தியதில்லை. இத்தனை நேர்த்தியாக ஒரு வேலையை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை என்று அப்போதே தோன்றும்.

மொட்டை மாடிக்குக் கீழே, நாங்கள் இருக்கும் கடைசித் தளத்தில் இரண்டே வீடுகள். எங்களுடையது ஒன்று. எதிர்வீட்டில் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா, கீழே விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கும் தன் அப்பாவுடன் இருந்தார். மாடியில் எங்கள் வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். வெயில் நன்றாக விழுவது எதிர்வீட்டுக்கு மேலேதான். ஆகவே பெரிய நீல டிரம்கள் பதினொன்றையும் அங்கேதான் வைத்திருந்தேன். எலுமிச்சை, மாதுளை, கொய்யா எல்லாம் காய்த்துத் தள்ளின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் சப்போட்டா வைக்க இன்னும் ஒரு லோடு மண் கொண்டுவரச் சொன்னேன். மண் வந்தது. பாய் முதலில் வெறுங்கையோடு மாடிக்கு வந்தார். டிரம்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒன்றில் விரலை விட்டு ஈரம் பார்த்தார்.

"கீழ யார் வூடு?"

"எதிர்வீடு."

"நாலு வருசமா நானு ஏத்திக்கினேதான் கீறேன்க்கா. ஒரு கூடை மண்ணுகூட எறக்கல. வண்டியில ஏத்துனா சாயங்காலம் எறக்கிடறோம். இது ராவும் பகலும் நிக்கிது, மழைல ஊறிக்கினு. வேணாம்."

"நீங்க வண்டிக்காரரா, இன்ஜினியரா?" என்றேன். அதோடு விட்டேனா? ஏற்றுவதற்குச் சோம்பல் என்றேன், உங்களை விட்டால் ஊரில் வேறு வண்டியே இல்லையா என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. மூட்டைகளை வண்டி நிறுத்தும் இடத்தில் ஓரமாக அடுக்கினார்.

"திட்னா காதுலதானேக்கா வுழும். பரவால்ல. மேல மட்டும் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னது தப்பு என்று நிரூபித்தே தீர வேண்டும் என்றுதான் மறுநாள் காலை நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே போய் நான்கு வருடம் ஆகியிருக்கும். பெரியவரின் கட்டில் கூடத்தில், சாப்பாட்டு மேசையை ஒட்டிக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். கூரையின் நடுவில் முழங்கை நீளத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதைச் சுற்றி ஈரம். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்கு நேர் மேலேதான் என் டிரம்கள் நின்றன.

"எப்பலேர்ந்து இப்படி?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். "ரெண்டு மழையாச்சு. மொதல்ல ஜன்னல் பக்கம் இருந்தார். அப்புறம் கதவுப் பக்கம். இப்போ கூடம். நாங்க கட்டிலை நகர்த்திண்டே இருந்தோம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கேட்டபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்து பேசுவதைவிட, எழுந்திருக்க முடியாத அப்பாவை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. என்னால் வேலை கிடைக்கிற பாய்தான், அந்த வேலையே போனாலும் போகட்டும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அங்கிருந்தே பாய்க்கு போன் செய்து, மாடியில் இருக்கும் மண்ணையெல்லாம் இறக்க வேண்டும் என்றேன். "வரேன்க்கா" என்றார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்வார், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

இரண்டு நாள் இறக்கினார்கள். ஏற்றுவதைவிட இறக்குவது கடினம், படியில் முழங்கால் நடுங்கும். நானும் கூடையில் அள்ளி இறக்கினேன், மூன்றாவது நடையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மரங்களை வேரோடு ஈரச் சாக்கில் சுற்றி வண்டியில் நிற்கவைத்துக் கட்டினார் பாய். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தோட்டம் போட இடம் இருப்பதாக அவரே விசாரித்து வைத்திருந்தார். அங்கே தரையிலேயே நட்டோம். கடைசி லோடு போனதும் மாடியைக் கூட்டிவிட்டு, "வெயிட்டு போச்சு. இப்போ இன்ஜினியர கூப்டு காட்டுக்கா" என்றார். வந்த இன்ஜினியர் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு மழைக்கு இது நின்றிருக்காது என்று சொன்னார்.

கூரையைச் சரிசெய்து வெள்ளையடித்ததும் கட்டில் மறுபடி ஜன்னல் பக்கம் போனது. அன்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி எது என்றாலும் நேராக வந்து என்னோடு சண்டை போடுங்கள் என்றும் சொன்னேன்.

"சரி, கண்டிப்பா" என்று சிரித்தார். அப்படிச் சொல்லும்போதும் அவர் கை கதவுத் தாழ்ப்பாளை விடவில்லை.