காப்பு கட்டிய மத்தியானம்

மண்டபத்தை என் மகள்தான் பிடித்தாள். பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில், பின் கதவைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். மாப்பிள்ளை வீட்டார் தர்மபுரிப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். எது எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் என் பேனா நின்றது. அவர்கள் பஸ் பதினோரு மணிக்கு வருகிறது. வரவேற்பு ஆறரைக்கு. நடுவில் சாப்பாட்டைத் தவிர ஒன்றுமில்லை.

ரிட்டயர் ஆகும்வரை இந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். கடலில் மூழ்கியவர்கள் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒற்றைப் பத்தி. எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: வெளியூர், நண்பர்கள், விடுமுறை நாள், மதியம். பெயரும் வயதும்தான் மாறும். என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளிலும் அதே செய்திதான் தெரிந்தது. 'திருமணத்துக்கு வந்த' என்று அது ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் நண்பர்கள் பன்னிரண்டு பேர். துண்டு, அரை டிராயர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டதாக மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளை போனால் அவர்களும் போவார்கள். அவரை நிறுத்த ஒரு வழி இருந்தது. கையில் காப்புக் கட்டிவிட்டால் மண்டபத்தைத் தாண்டக் கூடாது என்பது இரண்டு வீட்டு வழக்கமும்தான். பெண்ணழைப்பு முடிந்துதான் காப்பு என்றிருந்தார் ஐயர். மத்தியானமே கட்டிவிடச் சொன்னேன்.

"அப்ப ஒன்றரைக்குள்ள முடிச்சுடணும். அப்புறம் எமகண்டம்" என்றார்.

"காதுகுத்துக்கே நேரம் பாக்காத மனுஷன்" என்றாள் மனைவி. "இப்ப என்ன திடீர்னு பக்தி?"



சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு மஞ்சள் கயிறு மாப்பிள்ளையின் மணிக்கட்டில் ஏறியது. "மச்சான், உன்ன அரெஸ்ட் பண்ணிட்டாங்கடா!" என்று கத்தினான் ஒருவன். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் மாடி அறையில் சீட்டாட உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குப் போய் எண்ணினேன். பன்னிரண்டு. மூன்றரைக்கும் பன்னிரண்டு.

நாலு மணிக்கு என் மனைவி வந்து, "சம்பந்தியம்மா எங்க?" என்றாள்.

பின் கதவு திறந்து கிடந்தது. மணலில் ஒரு ஜோடி செருப்பு. என் கால்கள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. மணல் பின்னால் போவதாகத் தெரியவில்லை.

முழங்காலளவு தண்ணீரில், கரையைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார் மாப்பிள்ளையின் அம்மா. கையில் பிளாஸ்டிக் பாட்டில். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்கு முன்பே தண்ணீரில் இறங்கி, அவருடைய புடவையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். அடுத்த அலை இருவரையும் மார்புவரை நனைத்தது. அது திரும்பும்போது சம்பந்தியம்மாவின் கால்கள் வழுக்கியதைப் பார்த்தேன். அந்தப் பெண் பிடியை விடவில்லை.

"அலைக்கு முதுகக் காட்டுவாங்களா யாராச்சும்? எந்த ஊரும்மா நீ?" என்று திட்டிக்கொண்டே இழுத்து வந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "கல்யாண வூட்டுக்காரரா? ஒரு ஆளு காவலுக்கு வேணும்னு எங்க கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னா?"

சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

சம்பந்தியம்மாவுக்குப் பல் தந்தியடித்தது. பாட்டிலை மட்டும் விடவில்லை. "அவன்தான் வரக் கூடாதுன்னு ஆயிடுச்சே, சம்பந்தி" என்றார். "கடல்ல கால் நனைக்கணும்னு நேத்திலிருந்து சொல்லிட்டே இருந்தான். அதான், நானே கொண்டாந்து அவன் கால்ல ஊத்தலாம்னு."

பாட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். பாதிதான் இருந்தது.

வரவேற்புப் படங்களில் மேடையில் நான் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் இருக்கிறேன், மூடிய பின் கதவில் சாய்ந்து நின்றபடி.