பத்துக்குப் பத்து வாங்கிய வீரபாண்டி

அபுதாபியின் முசஃபாவில் நலம் விசாரிக்கும் ஃபாரம் நிரப்புவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தொழிலாளர் கேம்ப்புக்கு வந்த ஒரே மாதத்தில் தானாகப் படிந்துவிடும். சாப்பாடு எப்படி? பிரமாதம். ரூம்? பிரமாதம். மனசு? அடேயப்பா, அதைவிடப் பிரமாதம்! எவனோ ஒருத்தன் 'மனசு சரியில்லை' என்று எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே ஊருக்கு அனுப்பப்பட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த எவனோ யார் என்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் உண்டு.

வேன் ஓட்டும் வீரபாண்டி இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். சிவகங்கைப் பக்கத்துக்காரர், வயது முப்பத்துநாலு. ஊரில் நாகவள்ளியோடு நிச்சயமாகி, லீவு கிடைக்காமல் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. "ஆவணியிலயும் வரலைன்னா என்னைய மறந்துருங்க" என்று அவள் ஃபோனில் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்பேர்ப்பட்ட பெண். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் நஜீஹா வந்து சேர்ந்தார். பூர்வீகம் கீழக்கரை, வேலை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. சட்டம் அனுமதிக்கிற சில வெளிநாடுகளில், மனதை எங்கோ கொண்டுபோகும் ஒருவகைக் காளானைக் கொடுத்து நாலைந்து நாள் முகாம் நடத்துகிறார்களாம். போய்வந்தவர்களுக்கு நிம்மதி கூடுகிறதா, கூடினால் எத்தனை மாதம் நிற்கிறது என்று அவர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். குழுவுக்கு ஓடியது வீரபாண்டியின் வேன். ஒப்பிட்டுப் பார்க்க, எந்த முகாமுக்கும் போகாத ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

"காளானா? மேடம், இந்த ஊர்ல அந்தப் பேச்ச எடுத்தாலே உள்ள தள்ளிருவாய்ங்க!" வீரபாண்டி வேனை ஓரங்கட்டியே விட்டார்.

"அய்யோ அண்ணே, நீங்க எதையும் சாப்பிட வேணாம். சாப்பிடாம இருக்குறதுதான் உங்க வேலையே. மூணு மாசத்துல மூணு தடவ கேள்விக்குப் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடணும், அவ்வளவுதான்."

சும்மா இருக்கும் வேலை யாருக்குக் கசக்கும்? கம்பெனியிலிருந்து இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்தார்கள். 'நிம்மதியாகத் தூங்குகிறேன்' என்ற இடத்தில், இரண்டு கண்ணும் சிவந்து கிடக்க, கை கூசாமல் பத்துப் போட்டார் வீரபாண்டி. மூன்று தடவையும் அதே பத்து.

முடிவைச் சொல்லும் கூட்டம் கம்பெனி ஆபீசிலேயே நடந்தது. மானேஜர் ரகுநாதன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகாமுக்குப் போனவர்கள் நாலிலிருந்து ஏழுக்கு ஏறி, பிறகு ஆறுக்கு இறங்கியிருந்தார்கள். "ஆனா எங்கேயும் போகாதவங்கள்ல ரெண்டு பேரு மூணு தடவையும் பத்து! அதுல ஒருத்தர் டிரைவர்" என்றார் நஜீஹா, வியப்பு தாங்காமல். பெயரைச் சொல்லவில்லை, பாவம். ஆனால் ஆராய்ச்சியில் சேர்ந்ததே ஒரே ஒரு டிரைவர்தான்.

மறுநாள் வீரபாண்டி லீவு மனுவை நீட்டினார். ரகுநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

"காளான் தின்னவனையே முந்திட்டியேய்யா! உனக்கெதுக்கு லீவு? மனசு ஒடஞ்சவன் நாலு பேரு வரிசையில நிக்கிறான். அடுத்த வருஷம் பாக்கலாம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

வீரபாண்டி நேராக நஜீஹாவிடம் ஓடினார். "மேடம், நான் எழுதுனது அம்புட்டும் பொய்."

நஜீஹா தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணே, என் ஆராய்ச்சி!"

"என் கல்யாணம் மேடம்!"

கதையைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "டிரைவர்னு நான் சொல்லியிருக்கவே கூடாது. தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோங்க. உங்க பதில எடுத்துடறேன். ஆனா உங்க மனசப் பத்தி உங்க ஆபீஸ்ல நான் பேசக் கூடாதுண்ணே. அத நீங்கதான் சொல்லணும்."

அதைச் சொல்வதற்குப் பதில் அபுதாபி வெயிலில் ஏசி இல்லாத வேனை ஓட்டிவிடலாம். ஆபீஸ் வாசலில் மூன்று தடவை திரும்பி, நாலாவது தடவை உள்ளே போனார்.

"சார், நான் நல்லா இல்ல சார். தூக்கமில்ல. வண்டி ஓட்டும்போதே கண்ணு கலங்குது. ஊருக்கு ஒரேயடியா அனுப்புனாலும் சரி, நான் போகணும்."

ரகுநாதன் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று வீரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த இன்னொரு பத்து யாருன்னு நெனக்கிற?" என்றார் மானேஜர், குரலைத் தாழ்த்தி. "நான்தான்யா. என் மனசும் சரியில்லன்னு ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சிட்டா என்ன பண்றதுன்னு போட்டேன்." பிறகு மேசையில் கிடந்த லீவு மனுவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஊருக்கு ஃபோன் போட்டார் வீரபாண்டி.

"நல்லாருக்கியளா?" என்றாள் நாகவள்ளி. எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"இல்ல நாகவள்ளி. உன்னையப் பாக்காம நல்லாவே இல்ல. ஆவணிக்கு வாரேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் கோபமுமாக வெடித்தாள்.

"மூணு வருசமா சூப்பரா இருக்கேன், சூப்பரா இருக்கேன்னு சொன்னியளே! நான் இல்லாமலே அங்க சந்தோசமா இருக்கியன்னுல்ல நெனச்சேன்!"