பத்திரிகை நீளத்துக்கு ஒரு ஃபோல்டர்

விளாங்குடியில் பாண்டீஸ்வரியிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் முதலில் திட்டு வாங்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். டெய்லர் கடை மாடியில் ஒற்றை அறை, பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவள் கடை. "எதையும் அமுக்காம கொண்டாந்தீகளா, இல்ல உங்க வித்தையெல்லாம் காட்டிட்டுத்தான் வாரீகளா?" என்பாள். நான் போட்டோகிராபர் முத்துக்குமரன், வயதில் அவளுக்கு மூத்தவன். எனக்கும் அதே மரியாதைதான்.

போன மாசம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூடவே சோழவந்தான் சுபலட்சுமியும் வந்தாள். அவள் மகன் காதுகுத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். வெற்றிலைக் கொடிக்கால் பங்கில் தகராறாகி, அவளுக்கும் அவள் அண்ணன் சங்கிலிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பத்திரிகையில் அவன் பெயர் இல்லை, கூப்பிடவும் இல்லை. மனுஷன் ரோஷம் பார்க்காமல் சீர்த்தட்டோடு வந்து நின்றான். தாய்மாமனை விரட்டவா முடியும்? அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அண்ணனும் தங்கையும் அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் நான்குவழிச் சாலையில் பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

கருமாதிக்கு அந்த மடிப் படம் வேண்டும் என்று அவள் வந்து நிற்கிறாள். படம் லேப்டாப்பில் இருக்கிறது, திறக்கவில்லை. பென்டிரைவில் காப்பி ஆகவில்லை. கிளவுடுக்கும் ஏறவில்லை, ஏறுவதாகக் காட்டும் அந்த நீல வட்டம் மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டே கிடந்தது. கேமரா கார்டையோ அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"கிளவுடு கணக்கை எடுத்துட்டுப் புதுசாப் போட்டா ஏறிருமாம்ல, ஆத்தா" என்று மவுஸைத் தொட்டேன். சுளீரென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"கையை எடுங்கண்ணே! மேல ஏறாத படம் அம்புட்டும் இந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான் கெடக்கு. கணக்கை எடுத்தா எது தங்கும், எது போகும்னு யாரு கண்டா?"

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. கடை போட்ட புதிதில் ஒரு வாத்தியாரின் கம்ப்யூட்டரைக் கேட்காமலே ஃபார்மேட் அடித்துவிட்டாள். இறந்துபோன மனைவி பாடிய பாட்டை அவர் அதில்தான் வைத்திருந்தார். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட மறந்துருப்பேன்" என்பாள். அவர் திட்டாமல் விட்டதைத்தான் இவள் எங்களிடம் தீர்த்துக்கொள்கிறாளோ என்று நான் நினைப்பதுண்டு.

நெட் சரியாக இருந்தது. கிளவுடில் இடமும் இருந்தது. மற்ற விசேஷப் படங்களெல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தன. இந்த ஒன்றுதான் மாட்டிக்கொண்டிருந்தது. ஃபோல்டரின் பெயரை இழுத்து இழுத்துப் படித்தாள். அம்மன் துணையில் தொடங்கி, தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, அதற்குள்ளே இன்னொரு ஃபோல்டரில் மாமன்மார் வரிசை.

"ஏண்ணே, இது ஃபோல்டரா, பத்திரிகையா?"

பத்திரிகையேதான். ஒரு தடவை ஆல்பத்தில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போய், மண்டபத்திலேயே என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதிலிருந்து பத்திரிகையில் இருப்பதை அப்படியே ஃபோல்டருக்குப் பெயராக ஒட்டிவிடுவேன். இந்தக் குடும்பம் கொஞ்சம் பெரிய குடும்பம். படங்களை லேப்டாப்பில் போட்ட பிறகுதான் பெயரையும் மாற்றினேன்.

"படத்துக்கு ஒண்ணும் ஆகல. ஃபோல்டர் பேரு, படத்துப் பேரு எல்லாஞ் சேத்து இம்புட்டு எழுத்துதான்னு ஒரு அளவு இருக்கு. தாண்டுனா தெறக்கவும் மாட்டேங்கும், மேல ஏத்தவும் மாட்டேங்கும், சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும். பேரைக் கொறச்சாப் போதும்" என்றவள் சுபலட்சுமி பக்கம் திரும்பினாள். "யாரை வைக்க, யாரை எடுக்க?"

சுபலட்சுமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தன பேரும் இருக்காக. எங்கண்ணே பேரு எங்கேக்கா?"

பத்திரிகையில் அவளே போடாமல் விட்ட பெயர்தானே அது.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்றாள். "அண்ணே பேரை மட்டும் போடுங்க."

பாண்டீஸ்வரி பழைய பெயரை முழுசாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு அழித்துவிட்டு 'சங்கிலி' என்று அடித்தாள். பெயர் மாறியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தாள். அது முடிவதற்குள் நீல வட்டம் நின்று ஒவ்வொரு படத்திலும் பச்சை டிக் விழ ஆரம்பித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மடிப் படத்தைத் திறந்தாள். வீறிட்டு அழும் பிள்ளையின் கண்ணைச் சங்கிலி உள்ளங்கையால் பொத்தியிருந்தான். அவன் பார்வை பிள்ளையிடமும் இல்லை, என் கேமராவிலும் இல்லை. படத்தின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றாள் சுபலட்சுமி. "நான் பாக்கவே இல்லையேக்கா."

பாண்டீஸ்வரி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, கீழ டீ குடிச்சிட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள்.